டார்வின் வீட்டு ஞாயிற்றுக்கிழமைகள்

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடை கூடுமானவரை அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

இந்த எபிசோட் போன வாரமே வந்திருக்கணும். ரெக்கார்ட் பண்ண உட்கார்ந்த அன்னைக்கு எனக்கு ஒற்றைத் தலைவலி. ஏழு வருஷமா கூடவே இருக்கிற விருந்தாளி அது. லைட்டை அணைச்சுட்டு ரெண்டு நாள் படுத்துக் கிடந்தேன். ஹால்ல என் பொண்ணு ஹோம்வொர்க் பண்ண மாட்டேன்னு அழுதுட்டிருக்கா. குக்கர் விசில் ஒவ்வொண்ணும் மண்டைக்குள்ளயே அடிக்கிற மாதிரி இருக்கு. அம்மா வந்து நெத்தியில விபூதி பூசிட்டு, சத்தம் போடாம கதவைச் சாத்திட்டுப் போனாங்க.

மூணாவது நாள் எழுந்து பூஜை ஷெல்ஃப்ல தீப்பெட்டி தேடும்போது, சாமி படத்துக்குப் பின்னாடி ஒரு சின்ன மஞ்சள் துணி முடிச்சு கையில் பட்டது. உள்ளே ஒரு ரூபாய். என் தலைவலி சரியாகணும்னு அம்மா வேண்டிக்கிட்டு முடிஞ்சு வச்ச காசு. எனக்குச் சுருக்குனு கோபம் வந்துடுச்சு. "டாக்டர்கிட்ட காட்டி மாத்திரை சாப்பிட்டுட்டுதானே இருக்கேன், இது எதுக்கு?"ன்னு கேட்டேன். அம்மா பதிலே சொல்லலை. துணியை என் கையிலிருந்து வாங்கி, அதே இடத்துல வச்சுட்டு, சமையலைப் பார்க்கப் போயிட்டாங்க.

நான் அப்படிக் கேட்டது சரியா தப்பான்னு யோசிச்சுட்டே இருந்தப்போ, ரொம்ப நாளைக்கு முன்னாடி படிச்ச ஒரு வீட்டோட கதை ஞாபகம் வந்தது. தீராத நோய், ஒத்துப்போகாத நம்பிக்கை, வீடு நிறையப் பிள்ளைங்க. மூணும் ஒரே கூரைக்குக் கீழே 40 வருஷம் இருந்த வீடு. சார்லஸ் டார்வினும் எம்மா டார்வினும் வாழ்ந்த வீடு. இந்த வாரம் அறிவியல் ரொம்பப் பேசப் போறதில்லை. அந்த வீட்டுக்குள்ள போகப் போறோம்.

மாமா பொண்ணு

டார்வின்னு சொன்னதும் நமக்குத் தாடி வச்ச தாத்தா முகம்தான் ஞாபகம் வரும். ஆனா 1831 டிசம்பர்ல பீகிள் கப்பல்ல ஏறினப்போ அவருக்கு 22 வயசு. தென் அமெரிக்காவுல குதிரை மேல நாள்கணக்கா சுத்தினவர், ஆண்டிஸ் மலையைத் தாண்டினவர். 1836 அக்டோபர்ல ஊர் திரும்பினார். அடுத்த ஓரிரு வருஷத்துல உடம்பு படுத்த ஆரம்பிச்சது. நெஞ்சு படபடப்பு, வயித்து உப்புசம், வாந்தி, தலைசுத்தல், தோல் அரிப்பு, கொப்புளம், எதுக்குன்னே தெரியாத அசதி. நடுவுல சில மாதங்கள் தேவலையா இருக்கும், அப்புறம் திரும்ப வந்துடும். கடைசிப் பத்து வருஷம் கொஞ்சம் தணிஞ்சதே தவிர, முழுசா ஒருநாளும் விடலை.

இந்த நேரத்துலதான் அவர் கல்யாணம் பண்ணிக்கிட்டார். எம்மா வெட்ஜ்வுட், அவருக்குச் சொந்தத் தாய்மாமன் மகள். நம்ம பாஷையில மாமா பொண்ணு. பீங்கான் பாத்திரங்களுக்குப் பேர்போன வெட்ஜ்வுட் குடும்பம். எம்மா அவரைவிட ஒன்பது மாசம் மூத்தவங்க. கல்யாணத்துக்கு முன்னாடி டார்வின் ஒரு தாளை எடுத்து, 'பண்ணிக்கலாம்' ஒரு பக்கம், 'வேண்டாம்' ஒரு பக்கம்னு கோடு போட்டு எழுதிப் பார்த்தது பிரபலமான கதை. வேண்டாம் பக்கத்துல, நேரம் வீணாகும், புத்தகம் வாங்கக் காசு மிஞ்சாது. வேணும் பக்கத்துல, வயசான காலத்துல ஒரு துணை, எப்படியும் நாய் வளர்க்கிறதைவிட மேல். சிரிக்காதீங்க, அப்படித்தான் எழுதியிருந்தார்.

அந்தத் தாள்ல ஏறாத ஒரு விஷயம் இருந்தது. டார்வினுக்கு அப்பவே மத நம்பிக்கை ஆட்டம் கண்டிருந்தது. அவரோட அப்பா ராபர்ட் டார்வின் பெரிய டாக்டர், உலகம் தெரிஞ்சவர். சந்தேகத்தை எல்லாம் பெண்டாட்டிகிட்ட சொல்லாதே, மறைச்சு வச்சுக்கோன்னு மகனுக்கு அறிவுரை சொன்னார். பெண்டாட்டி உடம்புக்கு முடியாம படுக்கும்போது, புருஷனுக்கு மோட்சம் கிடைக்காதேன்னு நினைச்சே வேதனைப்படுவாங்க, அதைத் தன் நோயாளிகள் வீட்டுல பார்த்திருக்கேங்கிறது அவர் அனுபவம்.

டார்வினால மறைக்க முடியலை. எம்மாகிட்ட சொல்லிட்டார்.

எம்மாவுக்கு இது ஏன் அவ்வளவு பெரிய விஷயம்? அவங்களுக்கு ஃபேனினு ஒரு அக்கா. ரெண்டு பேரும் ஒட்டிப் பிறந்த மாதிரி வளர்ந்தவங்க. 1832-ல 26 வயசுல ஃபேனி நோய்ல இறந்துட்டாங்க. மறுபடியும் அக்காவைப் பார்ப்போம்கிற நம்பிக்கையிலதான் எம்மா அந்தத் துக்கத்தைத் தாண்டினாங்க. அவங்க பக்திக்கு வேர் அங்கே இருக்கு. நரகத்துக்குப் பயந்து வந்த பக்தி இல்லை அது. பிரியமானவங்களை நிரந்தரமா இழந்துடக் கூடாதேங்கிற தவிப்பு.

1839 ஜனவரி 29-ல கல்யாணம். அதுக்கு முன்னாடியும், சில வாரம் கழிச்சும் எம்மா அவருக்குக் கடிதம் எழுதினாங்க. ஒரே வீட்டுல இருந்துக்கிட்டே கடிதம். ஏன்னா நேர்ல பேச உட்கார்ந்தா வார்த்தை வராது. நிரூபிக்காத எதையும் நம்பக் கூடாதுங்கிற உங்க தொழில் பழக்கம், அப்படி நிரூபிக்கவே முடியாத விஷயங்கள்லயும் உங்களை இழுத்துட்டுப் போயிடுமோன்னு கேட்டாங்க. நாம என்றென்றைக்கும் ஒருத்தருக்கொருத்தர் சொந்தம் இல்லைன்னு நினைக்க வேண்டி வந்தா அதைவிடத் துயரம் எனக்கு இல்லைன்னு சொன்னாங்க. டார்வின் அந்தக் கடிதத்தைக் கடைசி வரைக்கும் பத்திரமா வச்சிருந்தார். தான் செத்த பிறகு எம்மா பார்க்கட்டும்னு அடியில ஒரு குறிப்பு எழுதியிருந்தார்: இதைப் பலமுறை முத்தமிட்டு அழுதிருக்கேன்னு.

மணி அடிச்ச மாதிரி ஒரு வீடு

1842 செப்டம்பர்ல குடும்பம் லண்டனை விட்டுக் கிளம்பி, சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி கென்ட் பகுதியில ஒரு கிராமத்துக்குப் போச்சு. வீட்டுக்கு டவுன் ஹவுஸ்னு பேர். போன சில நாள்ல மூணாவது குழந்தை மேரி பிறந்தா. மூணு வாரம்தான் இருந்தா. புது ஊர்ல அவங்க பண்ணின முதல் காரியம் ஒரு அடக்கம்.

1839-லிருந்து 1856-க்குள்ள மொத்தம் பத்துக் குழந்தைங்க. கடைசிப் பையன் பிறக்கும்போது எம்மாவுக்கு 48 வயசு. இந்தப் பதினேழு வருஷத்துல பெரும்பகுதி அவங்க கர்ப்பமா இருந்தாங்க, இல்லைன்னா கைக்குழந்தையோட இருந்தாங்க. கூடவே ஒரு நோயாளி.

டார்வினோட நாளைக் கேளுங்க. காலையில சின்ன நடை, தனியா டிபன். 8 மணிக்கு வேலை, ஒன்றரை மணி நேரம். அப்புறம் சோபாவுல படுத்துக்கணும், வந்த கடிதங்களையும் ஒரு நாவலையும் எம்மா வாசிச்சுக் காட்டுவாங்க. மறுபடி நண்பகல் வரைக்கும் வேலை. தோட்டத்து ஓரமா 'சாண்ட்வாக்'னு ஒரு மணல் பாதை, அதுல சுத்திச் சுத்தி நடை. சாப்பாடு. 3 மணிக்குத் திரும்ப ஓய்வு, திரும்ப நாவல். நாவல் சோகமா முடிஞ்சா அவருக்குப் பிடிக்காது, அதுக்கு எதிரா சட்டமே போடணும்பார். சாயங்காலம் இன்னும் ஒரு மணி நேரம் வேலை. ராத்திரி சாப்பிட்டதும் ரெண்டு ஆட்டம் பேக்கேமன், நம்ம தாயம் மாதிரி பகடை உருட்டி ஆடுறது. அப்புறம் எம்மாவோட பியானோ. முடிஞ்சது.

கூட்டிப் பாருங்க. ஒரு நாளைக்குச் சுமார் நாலு மணி நேரம்தான் வேலை, அதுவும் நல்ல நாள்ல. விருந்தாளி வந்து கொஞ்சம் அதிகமா பேசிட்டாகூட ராத்திரி வாந்தி. அவர் படிப்பறையில ஒரு மூலையைத் தடுப்பு வச்சு மறைச்சு, பின்னாடி பேசின், தண்ணி எல்லாம் தயாரா வச்சிருந்தார். எழுதிட்டிருக்கும்போதே எழுந்து ஓட வேண்டியிருக்கும். பார்னக்கிள்னு கடல்பாறையில ஒட்டிக்கிற சின்ன உயிரினத்தைப் பத்தி எட்டு வருஷம் ஆராய்ச்சி பண்ணினார். அதுல ரெண்டு வருஷம் நோய்லயே போச்சுன்னு பின்னாடி கணக்குச் சொன்னார்.

இதுக்கு நடுவுல பிள்ளைங்க. கத்தரிக்கோல் வேணும், ஸ்கேல் வேணும்னு படிப்பறைக்குள்ள ஓடி வருவாங்க. மனுஷன் கோபப்பட மாட்டார், இனிமே வராம இருக்க முடியுமான்னு பொறுமையா கேட்பார். நாலு வயசுப் பையன் ஒருத்தன், வேலை நேரத்துல விளையாட வந்தா ஆறு பென்ஸ் தர்றேன்னு அப்பாவுக்கு லஞ்சம் கொடுக்கப் பார்த்தான். உடம்பு சரியில்லாத குழந்தையை அப்பாவோட படிப்பறை சோபாவுலதான் படுக்க வைப்பாங்க. 'உயிரினங்களின் தோற்றம்' நூலோட கையெழுத்துத் தாள்களுக்குப் பின்பக்கம் பிள்ளைங்க கலர் அடிச்ச படங்கள் இன்னைக்கும் இருக்கு. வொர்க் ஃப்ரம் ஹோம்னா என்னன்னு நமக்கு லாக்டவுன்ல தெரிஞ்சது. அந்த வீட்டுக்கு அது 1842-லயே தெரியும்.

தண்ணி வைத்தியம்

1848 நவம்பர்ல டார்வினோட அப்பா இறந்தார். மகனுக்கு உடம்பு அவ்வளவு மோசம், இறுதிச் சடங்குக்கு நேரத்துக்குப் போய்ச் சேர முடியலை. மனசு ஒடிஞ்சு போச்சு. அடுத்த மார்ச் மாதம் மொத்தக் குடும்பத்தையும், ஆறு பிள்ளைங்க, வேலைக்காரங்க எல்லாரையும் கூட்டிக்கிட்டு மால்வெர்ன்ங்கிற ஊருக்குப் போனார். அங்கே டாக்டர் ஜேம்ஸ் கல்லினு ஒருத்தர் தண்ணி வைத்தியம் பண்ணிட்டிருந்தார். காலையில ஸ்பிரிட் விளக்குச் சூட்டுல வேர்க்க விட்டு, பச்சைத் தண்ணியில நனைச்ச துண்டால உடம்பெல்லாம் தேய்க்கிறது. கால்களைக் குளிர்ந்த தண்ணியில வைக்கிறது. வயித்துல ஈரத்துணிக் கட்டு. சர்க்கரை, வெண்ணெய், மசாலா எல்லாம் கட்.

கல்லிக்கு ஹோமியோபதியிலயும் நம்பிக்கை, ஞானதிருஷ்டியிலயும் நம்பிக்கை. டார்வினுக்கு ரெண்டையும் கேட்டாலே சிரிப்பு. ஆனா கொடுத்த மருந்தைச் சாப்பிட்டார். கேலியும் பண்ணிக்கிட்டே, கீழ்ப்படிஞ்சுக்கிட்டே இருந்தார். நாள்பட்ட நோய் இருக்கிறவங்களுக்கு இது புரியும். டாக்டர் மாத்திரையும் சாப்பிட்டு, யாரோ சொன்ன கஷாயத்தையும் குடிச்சு, யூடியூப்ல பார்த்த மூச்சுப் பயிற்சியையும் பண்ணி... நானும் பண்ணியிருக்கேன்.

உடம்பு கொஞ்சம் தேறினது. ஊர் திரும்பினதும் தோட்டத்துல ஒரு குளியல் குடிசை கட்டி, பச்சைத் தண்ணியைத் தலையில கொட்டிக்கிட்டார். 1849 ஜூலையிலிருந்து ஐந்தரை வருஷம் நோய்க்குன்னு தனியா ஒரு டைரி வச்சார். பகல் எப்படி, ராத்திரி எப்படின்னு ஒவ்வொரு நாளும் குறிப்பு. நல்ல நாளுக்கு ஒரு அடையாளக் கோடு. மாசக் கடைசியில நல்ல நாள் எத்தனைன்னு எண்ணுவார். இன்னைக்கு நாம ஆப்ல போடுறதை அவர் மையால போட்டார்.

கடைசி வரைக்கும் அது என்ன நோய்னு தெரியலை. தென் அமெரிக்காவுல கடிச்ச ஒரு பூச்சியால வந்த சாகஸ் நோய்னு சிலர், மனப்பதற்றம்னு சிலர், பால் ஒத்துக்காத உடம்புன்னு சிலர். 150 வருஷம் கழிச்சும் டாக்டர்கள் கட்டுரை எழுதிக்கிட்டேதான் இருக்காங்க.

ஆனி

இப்போ கொஞ்சம் கஷ்டமான பகுதி.

ரெண்டாவது குழந்தை, மூத்த பொண்ணு, ஆனி. அப்பாவோட செல்லம். அப்பா மணல் பாதையில நடக்கும்போது முன்னாடி துள்ளித் துள்ளிப் போறவ. 1850 கோடையிலிருந்து அவளுக்கு உடம்பு சரியில்லாம போச்சு. தன்னோட நோய்தான் பொண்ணுக்கு வந்துடுச்சோன்னு டார்வினுக்குப் பயம். தனக்குப் பலன் கொடுத்த அதே மால்வெர்னுக்கு 1851 மார்ச்ல அவளைக் கூட்டிட்டுப் போய் விட்டுட்டு வந்தார். ஏப்ரல்ல நிலைமை மோசம்னு செய்தி வந்ததும் ஓடினார். எம்மாவால போக முடியலை. நிறைமாசம்.

அந்த ஒரு வாரம் புருஷன் ஒரு ஊர்ல, பெண்டாட்டி ஒரு ஊர்ல. நடுவுல கடிதம் மட்டும். இன்னைக்குக் கொஞ்சம் தேவலைன்னு இவர் எழுதுவார். அது போய்ச் சேர்ந்து எம்மா சந்தோஷப்படும்போது, இங்கே குழந்தை மறுபடி மோசமாகியிருக்கும். தண்ணி கொடுத்தப்போ ஆனி அழகா நன்றி சொன்னாள்னு டார்வின் எழுதினார். அவகிட்டயிருந்து அவருக்குக் கிடைச்ச கடைசி வார்த்தை அதுதான். ஏப்ரல் 23-ல ஆனி போயிட்டா. பத்து வயசு. காசநோயா இருக்கலாம்னு இன்னைக்குப் பலர் சொல்றாங்க.

அடக்கத்துக்குக்கூட டார்வின் நிக்கலை. எம்மாகிட்ட ஓடி வந்துட்டார். மூணு வாரத்துல, மே 13-ல, அடுத்த குழந்தை ஹொரேஸ் பிறந்தான். ஒரு குழந்தையைப் பறிகொடுத்த அழுகை அடங்குறதுக்குள்ள ஒரு குழந்தைக்குப் பால் கொடுக்கணும். ஆனியோட எழுதுபொருள் பெட்டியில அவளோட சின்னச் சின்னச் சாமான்களை எம்மா பத்திரமா எடுத்து வச்சாங்க. அந்தப் பெட்டி தலைமுறை தாண்டி வந்து, கொள்ளுப்பேரன் மகன் ராண்டல் கெய்ன்ஸ் கையில கிடைச்சது. அவர் அதை வச்சே ஒரு புத்தகம் எழுதினார்.

ஆனி செத்த அன்னைக்கே டார்வினோட நம்பிக்கை செத்துப் போச்சுன்னு சினிமாத்தனமா சொல்றது உண்டு. அவர் சொன்னது வேற. தன் நம்பிக்கையின்மை ரொம்ப மெதுவா, வலிக்காம வந்து சேர்ந்ததுன்னார். ஆனா ஒண்ணு. உலகத்துல இவ்வளவு வேதனை ஏன்ங்கிற கேள்விக்கு அவரால சமாதானம் சொல்லிக்கவே முடியலை. எம்மா அதே சாவைப் பார்த்தாங்க. அவங்களுக்கோ, ஆனியைத் திரும்பப் பார்க்கணும்ங்கிற ஆசை அந்த நம்பிக்கையை இன்னும் இறுக்கிப் பிடிக்க வச்சது. ஒரே சவப்பெட்டி, ரெண்டு முடிவு.

சர்ச் வாசல் வரைக்கும்

இப்போ ஞாயிற்றுக்கிழமைக்கு வர்றேன். கிராமத்து சர்ச்சுக்கு எம்மா பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போவாங்க. 1849 வாக்கிலிருந்து டார்வின் உள்ளே போறதில்லை. கூட நடந்து வருவார், அவங்க உள்ளே போனதும் இவர் பாட்டுக்குக் காலாற நடப்பார்.

ஆனா எம்மாவையும் லேசா எடை போடாதீங்க. அவங்க குடும்பம் யூனிடேரியன். ஏசு, பிதா, பரிசுத்த ஆவி மூணும் ஒண்ணுங்கிற கோட்பாட்டை ஏத்துக்காத பிரிவு. அந்த ஊர் சர்ச்ல விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது எல்லாரும் பலிபீடம் பக்கம் திரும்புவாங்க. டார்வின் வீட்டு வரிசை மட்டும் திரும்பாது. மொத்த ஊரோட முகத்தையும் நேருக்கு நேரா பார்த்துட்டு நிப்பாங்க. உள்ளே போனவங்களுக்கும் ஒரு எல்லை இருந்தது, வெளியே நின்னவருக்கும் ஒரு எல்லை இருந்தது.

வெளியே நின்னவர் அந்த சர்ச்சை வெறுக்கவும் இல்லை. பாதிரியார் ஜான் இன்னஸ் அவருக்கு நல்ல நண்பர். ஊர் ஏழைகளுக்கான நிலக்கரி, துணி நிதிக்கு டார்வின் கணக்கு பார்த்துக் கொடுத்தார்.

ரெண்டு பேருக்கும் நடுவுல இருந்த பெரிய விஷயம் அவரோட கொள்கை. கடவுள் தனித்தனியா படைக்கலை, உயிரினங்கள் மாறி மாறி வந்ததுங்கிற கருத்தை 1844-ல 230 பக்கத்துக்கு எழுதி வச்சுட்டார். நான் திடீர்னு செத்துட்டா 400 பவுண்ட் செலவு பண்ணி இதைப் பதிப்பிச்சுடுன்னு ஒரு கடிதம். யாருக்கு? எம்மாவுக்கு. எந்த நம்பிக்கையை அது அசைக்குமோ, அந்த நம்பிக்கை இருக்கிறவங்க கையிலயே கொடுத்தார். எம்மா அதைப் படிச்சுப் பார்த்து, இந்த இடம் புரியலைன்னு ஓரத்துல குறிச்சும் கொடுத்தாங்க.

1858 ஜூன்ல, இதே கருத்தோட வாலஸ்கிட்டயிருந்து ஒரு கட்டுரை தபால்ல வந்தது. 20 வருஷ உழைப்பு கைநழுவிப் போகுற நேரம். வீட்டுலயோ பொண்ணு ஹென்ரியெட்டாவுக்குத் தொண்டை நோய், ஒன்றரை வயசுக் கடைக்குட்டி சார்லஸுக்கு ஸ்கார்லெட் காய்ச்சல். குழந்தை ஜூன் 28-ல இறந்தான். ஜூலை 1-ல லண்டன் லின்னேயன் சங்கத்துல டார்வின், வாலஸ் ரெண்டு பேர் கருத்தையும் படிச்சாங்க. உலகத்தை மாத்தின அந்தக் கூட்டத்துல டார்வின் இல்லை. அதே நாள் மகனை அடக்கம் பண்ணிட்டிருந்தார். அடுத்த வருஷம் நவம்பர் 24-ல புத்தகம் வெளிவந்தப்பவும் அவர் ஊர்ல இல்லை, யார்க்‌ஷயர்ல இல்க்லினு ஒரு ஊர்ல தண்ணி வைத்தியத்துல இருந்தார்.

1861-ல ஒரு கடிதம்

இந்த எபிசோடுக்கே காரணம் இந்தக் கடிதம்தான். 1861 ஜூன். கல்யாணம் ஆகி 22 வருஷம். மூணு குழந்தைங்க போயாச்சு, புத்தகம் வந்தாச்சு. எம்மா மறுபடி உட்கார்ந்து எழுதினாங்க. இப்பவும் நேர்ல பேசினா வார்த்தை வராதுங்கிறதாலதான்.

அதோட சாரம் இதுதான். நீங்க படுற வேதனையைப் பார்க்கும்போது எனக்கு ஆறுதலா இருக்கிற ஒரே வழி, அதைக் கடவுள் கையிலிருந்து வந்ததா எடுத்துக்கிறது. துன்பம் நம்ம மனசை உயர்த்தத்தான் வருதுன்னு நம்பப் பார்க்கிறேன். என்மேல நீங்க காட்டுற அன்பும், வலியிலயும் உங்களுக்கு இருக்கிற பொறுமையும் பார்க்கிறப்போ, அந்த நன்றியை நீங்க மேலே இருக்கிறவருக்கும் செலுத்தினா எவ்வளவு நல்லா இருக்கும்னு ஏங்குறேன்.

யோசிச்சுப் பாருங்க. இது என்னது? மஞ்சள் துணியில முடிஞ்ச ஒரு ரூபாய் இல்லையா?

டார்வின் நினைச்சிருந்தா ஒரு பக்கத்துல பதில் எழுதியிருக்கலாம். ஒரு உயிர் வேதனைப்படுறதுல எந்த உயர்ந்த நோக்கமும் எனக்குத் தெரியலைன்னு போன வருஷம்தான் அமெரிக்க நண்பர் ஆசா கிரேக்கு எழுதியிருந்தார். வாதம் எல்லாம் கைவசம் தயாரா இருந்தது. எம்மாவோட கடிதத்துல அவர் வாதம் எழுதலை. அடியில, கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும்னு எழுதி, பேரோட முதல் எழுத்தும் தேதியும் போட்டு வச்சுட்டார்.

ஒத்துக்கிட்டதா அர்த்தம் இல்லை. அதுக்கப்புறமும் அவர் சர்ச்சுக்குள்ள போகலை, 1879-ல தன்னை அறியொணாவாதினுதான் சொல்லிக்கிட்டார். எம்மாவும் தன் நம்பிக்கையை விட்டுக் கொடுக்கலை. அவர் போன பிறகு சுயசரிதையை அச்சுக்குக் கொடுக்கும்போது, மதத்தைப் பத்தின சில வரிகளை எடுத்துடச் சொன்னாங்க. முழு வடிவம் 1958-லதான் வந்தது. யாரும் யாரையும் ஜெயிக்கலை. நோயும் தோக்கலை. ஆனா ராத்திரி பேக்கேமன் பலகை வந்துடும். 1876-ல டார்வின் கணக்குச் சொன்னார்: எம்மா ஜெயிச்சது 2,490 ஆட்டம், நான் ஜெயிச்சது 2,795. மொத்தம் 5,285 ராத்திரி ஆட்டம்!

யார் விலை கொடுத்தது?

இங்கே நான் ஒரு பிரேக் போடணும். இதை ஒரு அழகான தம்பதி கதையா மட்டும் விட்டா பொய்யாகிடும்.

முதல் விஷயம், காசு. டார்வின் வாழ்நாள்ல ஒரு நாள்கூடச் சம்பள வேலைக்குப் போகலை. குடும்பச் சொத்து இருந்தது. சமையலுக்கு ஆள், குழந்தைக்கு ஆயா, முதுகு தேய்க்க பட்லர். அந்த அட்டவணை நமக்குக் கிடைக்காது. லீவ் லெட்டர்ல மூணாவது தடவையும் தலைவலின்னு எழுத நாம எவ்வளவு கூசுறோம்!

ரெண்டாவது, எம்மா. பியானோவுல ஷோபான்கிட்டயே பாடம் கேட்டவங்க. கல்யாணத்துக்கு முன்னாடி நோயாளி அம்மாவைப் பார்த்துக்கிட்டாங்க, அப்புறம் நோயாளிப் புருஷன், அப்புறம் நோயாளிப் பிள்ளைங்க. 1839-லிருந்து 1882 வரைக்கும் அந்த வீட்டுல அவங்களுக்குன்னு ஒரு 'வேலை நேரம்' இருந்ததா எந்தக் குறிப்பும் சொல்லாது.

மூணாவது, குற்ற உணர்ச்சி. மாமா பொண்ணைக் கட்டினதாலதான் பிள்ளைங்க நோஞ்சானா இருக்காங்களோன்னு டார்வின் கடைசி வரைக்கும் அரிச்சுக்கிட்டே இருந்தார். 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்புல சொந்தத்துல கல்யாணமான்னு ஒரு கேள்வி சேர்க்கணும்னு முயற்சி பண்ணினார், நாடாளுமன்றம் ஒத்துக்கலை. நம்ம ஊர்ல டாக்டர் ரூம்ல அதே கேள்வியைக் கேட்டதும் அம்மா அப்பா ரெண்டு பேரும் தலையைக் குனியறதைப் பார்த்திருக்கீங்களா? அந்தக் கனம்தான் அது.

1882 ஏப்ரல் 19-ல டார்வின் இறந்தார். கடைசி நாட்கள்ல, சாவைப் பார்த்துத் தனக்குக் கொஞ்சமும் பயம் இல்லைன்னு எம்மாகிட்ட சொன்னார். நீ இப்படிப் பார்த்துக்கிறதுக்காகவே நோய்ல படுக்கலாம்னும் சொன்னதா வீட்டார் குறிச்சிருக்காங்க. சாகும்போது மனம் மாறினார்னு பின்னாடி ஒரு கதை கிளம்பினது, மகள் ஹென்ரியெட்டா அதை வெளிப்படையா மறுத்தாங்க. அவரை வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில அடக்கம் பண்ணினாங்க. எம்மா போகலை, வீட்டுலயே இருந்துட்டாங்க. 1896-ல அவங்க இறந்தப்போ அந்தக் கிராமத்து சர்ச் தோட்டத்துல அடக்கம். என்றென்றைக்கும் சேர்ந்திருக்கணும்னு கடிதம் எழுதினவங்க கல்லறை ஒரு ஊர்ல, அவர் கல்லறை இன்னொரு ஊர்ல.

நான் இதுல இருந்து எடுத்துக்கிட்டது சின்ன விஷயம்தான். நோய் முதல்ல தீரட்டும், அப்புறம் வாழலாம்னு அவங்க காத்திருக்கலை. கடவுள் விஷயத்துல யார் சரின்னு முடிவாகட்டும், அப்புறம் நெருக்கமா இருக்கலாம்னும் காத்திருக்கலை. ரெண்டும் தீராமலே ஒரு நாளுக்கு ரெண்டு ஆட்டம் ஆடினாங்க. மறைக்காம சொன்னாங்க. சொன்ன பிறகு நெருக்கலை.

எங்க வீட்டு விஷயம். போன வெள்ளிக்கிழமை அம்மாகிட்ட கேட்டேன், அந்தக் காசை எப்போ முடிஞ்சு வச்சேன்னு. ஏழு வருஷம் முன்னாடி, முதல் தடவை என்னை எமர்ஜென்சிக்குக் கொண்டுபோன ராத்திரி. "துணி நைஞ்சு போச்சுன்னு நாலு தடவை மாத்திட்டேன். காசு அதேதான்"ன்னாங்க. நேர்த்தி எந்தக் கோவிலுக்குன்னு கேட்டேன். சமயபுரம். சரியானா வருவியான்னு கேட்டாங்க.

"சரியாகலைன்னாலும் வர்றேன்மா. ஆனா நான் வெளியேதான் நிப்பேன்"ன்னு சொன்னேன்.

"நில்லு. செருப்பைப் பார்த்துக்க ஆள் வேணும்ல"ன்னாங்க.

மாத்திரை டப்பா ஃப்ரிட்ஜ் மேல இருக்கு. காசு சாமி படத்துக்குப் பின்னாடி இருக்கு. அடுத்த வாரம் தலை ஒத்துழைச்சா, வாலஸோட கதையோட வர்றேன்.